உடன்குடிக்கு ஒரு சுற்றுவழி

1947 மார்ச் 13, வியாழன். காலை ஐந்து மணி.

தூத்துக்குடியிலிருந்து உடன்குடிக்கு முப்பத்தைந்து மைல் இருக்கும். கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறித் திருச்செந்தூரில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். நான் மூன்று நாள் வைத்துக்கொண்டு கடலோரமாகவே நடந்து போகக் கிளம்பினேன். முதுகில் பட்டாளத்துக் காக்கிப் பை. அதில் இரண்டு வேட்டி, ஒரு போர்வை, அலுமினியக் குவளை, கொஞ்சம் அவல், ஒரு நோட்டுப் புத்தகம்.

கடை திறக்க வந்த அண்ணன் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏலே, பஸ்ல போனா அரை நாள். நீ மூணு நாள் நடக்கப் போறேங்குத. பொண்டாட்டியக் கூப்பிடப் போறியா, கொக்கு பாக்கப் போறியா?”

“ரெண்டுக்கும்தான்.”

“கொக்கு எங்கயும் போவாது. அவ மனசு விட்டுப் போயிரும், பாத்துக்கோ.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

வாசகர்களிடம் மறைப்பானேன்? நான் மலேயாவில் தைப்பிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். கல்யாணமாகி எட்டாவது மாதம், செல்லக்கனியை உடன்குடியில் அவள் அப்பா வீட்டில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன். பின்னாலேயே ஜப்பான்காரன் வந்தான். சயாமில் ரயில் பாதை போட எங்களை மந்தையாக வண்டியேற்றினான். அந்தக் கதை இங்கே வேண்டாம். சண்டை ஓய்ந்தபோது நான் வாந்திபேதிக் கொட்டகையில் கிடந்தேன். கூட இருந்த தோட்டத்துக்காரர் ஒருவர், நான் செத்துவிட்டேன் என்றே நம்பி மலேயாவுக்குத் திரும்பி, உடன்குடிக்குக் கடிதம் போட்டுவிட்டார். நல்ல மனுஷர்தான், தன் கடமையைச் செய்தார். கடிதம் கண்டதும் வீட்டில் கருமாதி செய்து, செல்லக்கனியின் தாலியை இறக்கிவிட்டார்கள்.

அப்புறம் போன ஆடியில் நான் உயிரோடு போய் வாசலில் நின்றேன். அத்தை, அதாவது மாமியார், அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு சொன்னார்கள். கருமாதி முடிந்த ஆள் அப்படியே வீட்டுக்குள் நுழையக் கூடாதாம். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டி, நாக்கில் சர்க்கரை கரைத்த சேனைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் மூன்று தரம் பெயர் சொல்லி, அதற்கப்புறம் செல்லக்கனிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டுமாம். முப்பத்து நாலு வயசுத் தடியனுக்குச் சேனை! “நான் சாகவே இல்லையே மாமா, எதுக்குத் திரும்பப் பிறக்கணும்?” என்று கத்திவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன்.

எட்டு மாதமாயிற்று. அவள் வரவில்லை, நானும் போகவில்லை. அண்ணன் கடையில் உட்காரச் சொன்னால் கால் வலிக்கிறது, படுத்தால் முதுகு வலிக்கிறது. பினாங்குக்குத் திரும்பிவிடலாமென்று சித்திரைக் கப்பலில் இடம் கேட்டு எழுதியும் விட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு போவதா, அறுத்துக்கொண்டு போவதா என்பதை இந்த மூன்று நாளில் முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் ஓர் ஆசை: ஆவுளியாவை உயிரோடு பார்த்துவிட வேண்டும். கடல்பசு என்றும் சொல்வார்கள். காட்டு யானையும் இருவாச்சியும் வாலில்லாக் குரங்கும் பார்க்கச் சயாமிலும் மலேயாவிலும் ஊர் ஊராக அலைந்தவன், சொந்தக் கடலில் இருக்கும் பிராணியைப் பார்த்ததில்லை என்றால் கேவலமில்லையா?

காலை எட்டு மணி. ஊரைத் தாண்டியதுமே உப்பளங்கள். பாத்தி பாத்தியாக வெள்ளை. கண் கூசியது. உப்பளத்தை ஒட்டிய சகதி நீரில் பூநாரைகள் இருநூறாவது இருக்கும். உடம்பு வெள்ளை, இறக்கையில் ரோஜா நிறம், கால்கள் மூங்கில் குச்சி. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அலகால் சேற்றை அரித்துக்கொண்டே நடக்கின்றன. ஒன்று நடந்தால் எல்லாம் நடக்கிறது, ஒன்று நின்றால் எல்லாம் நிற்கிறது. நான் வரப்பில் குந்தி அரை மணி நேரம் பார்த்தேன்.

உப்புக் கூடையோடு வந்த ஒரு பெண்பிள்ளை நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னத்தப் பாக்கிய அண்ணாச்சி?”

“பூநாரைய.”

“அதுல பாக்க என்ன இருக்கு? எங்கள மாதிரிதான் அதுவும் காலைலருந்து உப்புத் தண்ணில நிக்கி. எங்கள ஒருத்தரும் வந்து பாக்கக் காணோம்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்கு அதற்கப்புறம் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

பகல் ஒரு மணி. பழையகாயல். பதினோரு மைல் நடந்தாயிற்று, இடது குதிகாலில் கொப்புளம். ஒரு கடையில் இரண்டணாவுக்கு இட்லியும் காப்பியும் கிடைத்தன. காப்பி என்று அவர்தான் சொன்னார். தாமிரபரணி இங்கே பல கால்வாய்களாகப் பிரிந்து கடலில் விழுகிறது. அக்கரைப் புன்னைக்காயலுக்கு வள்ளத்தில் போக இரண்டணா.

வள்ளம் போகும் வழி முழுக்கச் சேற்றில் வேர்களை ஊன்றி நிற்கும் அலையாத்திக் காடு. மலேயாவில், குவாலா கெடாவில், இதே காட்டை இதைவிடப் பத்து மடங்கு பெரிதாகப் பார்த்திருக்கிறேன். அங்கே குரங்குகள் நண்டு பிடித்துத் தின்னும். இங்கே குரங்கில்லை, ஆனால் ஒரு திருப்பத்தில் நான்கு நீர்நாய்கள். ஒன்று மல்லாந்து மிதந்தபடி வயிற்றின் மேல் மீனை வைத்து, அவசரமே இல்லாமல் தலையிலிருந்து தின்றுகொண்டிருந்தது. வள்ளக்காரர் துடுப்பால் தண்ணீரை ஓங்கி அடித்து விரட்டினார். “வலையக் கிழிச்சு நாசம் பண்ணுத சவங்க!” என்றார். பார்க்க ஆசையாய் நான் குனிந்ததில் வள்ளம் ஆடிற்று. என்னையும் சேர்த்துத்தான் திட்டினார்.

மாலை ஐந்து மணி. புன்னைக்காயல். பரதவர் ஊர், எல்லாரும் கத்தோலிக்கர். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த சந்தியாகு என்பவரிடம் ஆவுளியாவைப் பற்றி விசாரித்தேன். அவர் வாயைப் பிளந்தார்.

“யாரு அண்ணாச்சி ஒங்ககிட்ட அதுக்குள்ள சொன்னது? மத்தியானம்தான் எங்க வலையில மாட்டிச்சு!”

ஒருவரும் சொல்லவில்லை, தானாகவே கேட்டேன் என்றால் அவர் நம்பவில்லை. காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் காலையில் வந்து வாங்கிப் போவாராம். அதுவரை அது சாகக் கூடாது. முஸ்லிம்கள் முறைப்படி உயிரோடு அறுத்த இறைச்சியைத்தான் வாங்குவார்கள் என்பதால், ஆவுளியாவைப் பிடித்தவர்கள் அதைக் கொல்லாமல், கரையோரத் தண்ணீரிலேயே கட்டிக் காப்பாற்றி வைப்பது இந்தக் கரையில் வழக்கம். விடிந்ததும் காட்டுகிறேன் என்று சொல்லி, அன்று தன் வீட்டிலேயே எனக்குப் பாய் போட்டார் சந்தியாகு.

மார்ச் 14, வெள்ளி. காலை ஆறு மணி.

நெஞ்சளவு தண்ணீர். இரண்டு கம்புகளை நட்டு, நடுவில் ஆவுளியாவை வாலில் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். எட்டடி நீளத்துக்குக் குறையாது. சாம்பல் நிறம், எருமைத் தோல் மாதிரி தடித்த தோல். மேல் உதடு மடிந்து தொங்குகிறது, அதில் விறைப்பான மயிர். கண் மிகச் சின்னது. இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டும். இரண்டு துவாரமும் மூடி விலகினதுபோல் திறந்து, ‘புஸ்’ என்று மூச்சு வரும். பிறகு மூடிக்கொண்டு அமிழ்ந்துவிடும். துள்ளவில்லை, முட்டவில்லை. கயிறு விடும் தூரத்துக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது. நான் இறங்கி அதன் முதுகில் கை வைத்தேன். உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடிற்று, எனக்கா அதற்கா தெரியவில்லை.

கரையேறினதும் சந்தியாகுவின் மனைவி ரோசம்மா கடுங்காப்பி கொடுத்தார். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்து வெள்ளிக்கிழமை, அவர்கள் இறைச்சி தொடுவதில்லை.

“ஆவுளியா மீன்தானே? நீங்க சாப்பிடலாமே?” என்று கேட்டேன்.

“நாங்க மீனுங்கோம், சாமியார் கறிங்காரு,” என்றார் சந்தியாகு. “பாலு குடுக்குற மீனு எங்கலே இருக்குன்னு கேக்காரு. என்ன பதில் சொல்ல?”

எனக்கு ஒரு பழைய பேச்சு ஞாபகம் வந்தது. குவாலா கெடாவில் மலாய்ப் படகுக்காரர் ஒருவர் சொன்னது: ஆவுளியாவின் கண்ணீரைப் பஞ்சில் ஒற்றி வைத்துக்கொண்டால் பிரிந்த பெண் திரும்பி வருவாளாம். வேடிக்கைக்காகத்தான் இதைச் சொன்னேன். சொன்ன குரலில் வேடிக்கை போதவில்லை போலிருக்கிறது. ரோசம்மா உடனே பிடித்துக்கொண்டார்.

“எந்தப் பொண்ணு பிரிஞ்சிருக்கா? ஒங்க பொஞ்சாதியா?”

கேட்க ஆளில்லாமல் எட்டு மாதமாக அடைத்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். கடிதம், கருமாதி, சேனைத் தண்ணீர், ஆடி மாதத்து பஸ். ஊர்ப் பெரியவர்களைத் திட்டித் தீர்த்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “அது சரி. எட்டு மாசத்துல நீங்க அவளுக்கு ஒரு காயிதம் போட்டியளா?” என்றார்.

“இல்ல.”

“நேர்ல போயி ஒரு வார்த்த பேசினியளா?”

“அதுக்குத்தான் இப்பப் போறேன்.”

“பொறவு மீனு கண்ணீரு எதுக்கு? ஒங்களுக்கு வாயி இல்லியா?”

சந்தியாகு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

காலை ஒன்பது மணிக்கு மரைக்காயர் வந்தார். வெள்ளைச் சட்டை, அமைதியான பேச்சு. ஜும்மா தொழுகைக்கு முன் வேலையை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்றார். எட்டுப் பேர் சேர்ந்து அதைக் கரைக்கு இழுத்து, தலையை மேற்கே திருப்பி வைத்தார்கள். தண்ணீருக்கு வெளியே அதன் கண்ணிலிருந்து கெட்டியாக நீர் வழிந்தது. அவர் குனிந்து ஓத ஆரம்பித்தார். சயாம் காட்டில் எத்தனையோ பார்த்தவன் நான். அன்று பார்க்க முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு தெற்கே நடந்தேன். அழுகை வந்தது. ஒரு மைல் போனபிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

காயல்பட்டினம் ஆறு மைல். தெருக்களில் ஒரு ஆண்பிள்ளையைக் காணோம், எல்லாரும் பள்ளிவாசலில். நானும் நிற்கவில்லை. கொப்புளம் உடைந்துவிட்டது.

மாலை நாலரை மணி. திருச்செந்தூர். கோயில் கோபுரத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு பஸ் நிற்குமிடத்துக்கு வந்தால், தூத்துக்குடி வண்டி கிளம்பத் தயாராக நிற்கிறது. கிளீனர் பின்பக்கத்துக் கரி அடுப்பைச் சுற்றி ஊதிக்கொண்டிருந்தார்.

“தூத்துக்குடியா அண்ணாச்சி? ஏறுங்க, ஜன்னல் ஓரம் இருக்கு.”

ஆவுளியாவையும் பார்த்தாயிற்று. அந்த ஊரில் என்ன இருக்கிறது எனக்கு, திரும்பப் போய்ச் சேனை நக்கவா? ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். கால் பாட்டுக்கு ஏறுகிறது; எந்த ஊரிலும் அதற்கு அந்தப் பழக்கம்தான். தைப்பிங்கில் அப்படித்தான், சயாமில் ஹாட்யாயில் அப்படித்தான். வண்டி எங்கே போகிறதென்று கேட்காமல் ஏறின நாளெல்லாம் உண்டு. அப்போது, ‘ஒங்களுக்கு வாயி இல்லியா’ என்று ரோசம்மா கேட்டது சுருக்கென்று தைத்தது.

“ஏறுதியளா, இல்லியா?”

“இல்ல,” என்று இறங்கினேன். கிளீனர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மார்ச் 15, சனி. காலை ஆறு மணி.

திருச்செந்தூருக்குத் தெற்கே மணலில் ஆமை ஏறின தடம். வண்டிச் சக்கரத் தடம் போல இரு பக்கமும் துடுப்புக் கால்கள் பதிந்து, கடலிலிருந்து மேடு வரை போய், வளைந்து, கடலுக்கே திரும்பியிருந்தது. முட்டையிட்ட குழியை நரி தோண்டி, ஓடுகளை இறைத்துவிட்டிருந்தது. எட்டு மைல் நடந்து குலசேகரன்பட்டினம். அங்கிருந்து உடன்குடி நாலு மைல், செம்மண்ணும் பனைகளும். பனை உச்சியில் ஆட்கள், அடியில் மயில்கள். பனையடியில் ஓரணாவுக்கு, ஓலையை மடித்துக் கட்டிய பட்டை நிறையப் பதநீர் கொடுத்தார்கள், இரண்டு பட்டை குடித்தேன். தாகத்துக்கு ஒன்று, இரண்டாவது, போகும் நேரத்தைத் தள்ளிப்போட.

பகல் பன்னிரண்டு மணி. மாமா வீடு.

இந்தத் தரம் அத்தை அலறவில்லை. “வாங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்தாள். மாமா நார்க்கட்டிலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

“மாமா, என்ன சடங்கு வேணும்னாலும் செய்யுங்க. சேனை வையுங்க, பேர் வையுங்க. நான் ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டேன்.”

மாமா முகம் மலர்ந்துவிட்டது. அப்போதுதான் செல்லக்கனி வெளியே வந்தாள். வெள்ளைச் சேலையும் இல்லை, தாலியும் இல்லை. சாயம் போன ஒரு காவிச் சேலை. நெற்றியில் பொட்டு வைத்து அழித்த மாதிரி ஒரு தடம். புருஷன் உயிரோடிருக்கிறான் என்பதால் விதவை இல்லை. தாலி இல்லாததால் சுமங்கலியும் இல்லை. எட்டு மாதமாக ஒரு கல்யாண வீட்டுக்கு அவளை யாரும் அழைத்ததில்லை என்று அத்தை பிற்பாடு சொன்னாள். இப்படியும் ஒரு நிலையில் ஒருத்தியை நிறுத்தியிருக்கிறேன் என்பது பூநாரை பார்த்துக்கொண்டு வந்த மூளைக்கு ஒரு நாளும் எட்டவில்லை.

“சடங்கு கெடக்கட்டும்,” என்றாள். “ஒண்ணு கேக்கணும். போன வருசம் தை பதினெட்டாம் தேதி ஒங்களுக்குக் கருமாதி. கெணத்தடியில வச்சு எனக்குத் தாலி எறக்குனாவ. அன்னிக்கு நீங்க எங்க இருந்திய?”

எங்கே இருந்தேனென்று எனக்குத் தெரியும். வாந்திபேதிக்குப் பின்னால் வந்த காய்ச்சலும் விட்டு இரண்டு மாதமாகியிருந்தது. மற்றவர்களெல்லாம் ரயிலேறி மலேயாவுக்குப் போய்விட்டார்கள். நான் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். கையில் பென்சிலும் நோட்டும் இருந்தன. ஒரு வரி எழுதி யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். காய்ச்சலில் கிடந்தேன் என்று இப்போது சொன்னால் யார் சயாமுக்குப் போய்ச் சாட்சி கேட்கப் போகிறார்கள்? அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“சிங்கோராவுல,” என்றேன். “அங்க ஒரு பெரிய ஏரி. அதுல பறவை பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அட பாவி மனுசா!” என்றாள் அத்தை.

செல்லக்கனி கையைக் காட்டி அவளை அடக்கினாள். “காயிதம் போடத் தோணலியா?”

“தோணிச்சு. போட்டா வரணும். அந்தக் கொட்டகையில கிடந்துட்டு வந்த பொறவு ஒரு சுவத்துக்குள்ள போகவே பயமா இருந்துச்சு. வீடுன்னு நெனச்சாலே மூச்சு முட்டிச்சு. நீ இங்க இப்படி இருப்பேன்னு நான் நெனக்கவே இல்ல. அதான் நெசம்.”

செல்லக்கனி நார்க்கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, “அந்த ஏரி எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க,” என்றாள்.

“இப்பவா?”

“ஆமா. நான் கெணத்தடியில கெடந்து அழுத அன்னிக்கு நீங்க என்னத்தப் பாத்தியன்னு எனக்குத் தெரியணும்.”

சிங்கோரா ஏரியைப் பற்றி நான் பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதியவன். கேட்டவர்களுக்கெல்லாம் கைவீசிச் சொன்னவன். “விடியக்காலத்துல பனி மூடியிருக்கும்,” என்று ஆரம்பித்தேன். “அப்புறம் சிறகிக் கூட்டம் ஆயிரக்கணக்குல...” அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அந்தப் பறவைகளைப் பறக்க வைக்க என்னால் ஆகவில்லை. அழுதுவிட்டேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

செல்லக்கனியும் அழுதாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, “மிச்சத்த நாளைக்குச் சொல்லுங்க. கை காலக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது,” என்றாள்.

மார்ச் 26, புதன்.

உடன்குடி வந்து பதினொரு நாளாகிறது. தினமும் கொஞ்சம் சொல்கிறேன், அவள் குறுக்கே கேள்வி கேட்கிறாள். நான் பதில் சொல்கிறேன். சிங்கோரா ஏரி இன்னும் முடியவில்லை. சடங்குக்கு வைகாசியில் நாள் பார்த்திருக்கிறார் மாமா. சித்திரைக் கப்பல் நான் இல்லாமலேயே போகும். இரண்டு நாளாகக் கால் குறுகுறுக்கிறது என்பதையும் ஒளிக்கவில்லை, அவளிடமே சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஊருக்கு வெளியே தேரிச் செம்மணலில் சேர்ந்து நடந்துவிட்டு வருகிறோம். பயணம் எழுதுகிறவன் கடைசியில் ஊரைவிட்டுப் புறப்பட்ட நேரத்தைக் குறித்துவிட்டு முடிக்க வேண்டும். உடன்குடியிலிருந்து பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் நான் கேட்கவும் இல்லை.